எங்கள் வீடு எங்கே இருக்கிறது?

சென்ற தவணையில் உயிரியல் பாடத்தில் கழிவுநீர்ப் பரிகரிப்பைப் படித்தோம். தொட்டிகளை வரைந்து, பெயரிட்டு முடித்ததும் ஆசிரியை கேட்டார்: "இந்தப் படத்தில் உங்கள் வீடு எங்கே இருக்கிறது?" எவருக்கும் பதில் தெரியவில்லை.

அன்று மாலை, எங்கள் குசினித் தண்ணீர் எங்கே போகிறது என்று வாப்பாவிடம் கேட்டேன். "வேறெங்கே மகள், கானுக்குத்தான்" என்றார். கான் எங்கே போகிறது? பிங்கா ஓயாவுக்கு. எங்கள் ஊரான அக்குறணை வழியாக ஓடி, கட்டுகஸ்தோட்டைக்கு அருகில் மகாவலி கங்கையோடு கலக்கும் ஆறு அது.

மலசலகூட நீர் குழிக்குப் போகிறது. கழுவும் நீரால் என்ன தீங்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் கஞ்சி, எண்ணெய், சோற்றுப் பருக்கை எல்லாம் பற்றீரியாக்களுக்கு உணவு. அவை அவற்றைப் பிரித்தழிக்கும்போது நீரில் கரைந்துள்ள ஒட்சிசனைப் பயன்படுத்துகின்றன. உணவு கூடினால் ஒட்சிசன் குறையும், மீன் இறக்கும், நீர் நாறும். இவ்வாறு தேவைப்படும் ஒட்சிசனின் அளவே உயிரிரசாயன ஒட்சிசன் கேள்வி. இலங்கையில் பரிகரித்த கழிவுநீரை உள்நாட்டு நீர்நிலைகளில் விடும்போது இது லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

அந்த அளவுக்குக் குறைக்கவே பரிகரிப்பு நிலையம். முதற் கட்டத்தில் கம்பித்தடுப்பு துணி, பொலித்தீன் போன்றவற்றைப் பிடிக்கிறது. பின் மணலும் பாரமான துணிக்கைகளும் அடியில் படிகின்றன. இரண்டாம் கட்டத்தில் தொட்டிக்குள் காற்றைச் செலுத்தி, கரைந்துள்ள சேதனப் பொருளைப் பற்றீரியாக்களைக் கொண்டே அழிக்கிறார்கள். மூன்றாம் கட்டத்தில் நைதரசன், பொசுபரசுச் சேர்வைகள் குறைக்கப்படுகின்றன. கிருமிகளை அழித்த பின்னரே நீர் வெளியே விடப்படுகிறது.

கண்டி மாநகருக்கு ஜப்பானின் உதவியோடு கன்னொறுவையில் இத்தகைய நிலையம் அமைந்திருக்கிறது. எங்கள் ஊரில் வீடுகளின் கழிவுநீரைச் சேர்க்கும் குழாய்த் தொகுதியே இல்லை. அப்படியானால் இங்கே அந்த வேலையைச் செய்வது யார்? பிங்கா ஓயாதான். கற்களில் மோதி ஓடும்போது காற்று நீரில் கலக்கிறது. கற்களில் ஒட்டியுள்ள பற்றீரியாக்கள் அழுக்கை உண்கின்றன. தொட்டியில் நடப்பதே ஆற்றிலும் நடக்கிறது. ஆனால் ஆற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. வரட்சியில் நீர் வற்றும்போதும் எங்கள் கான்கள் வற்றுவதில்லை.

ஆற்றால் முடியாதது மகாவலிக்குப் போகிறது. 1976 முதல் பொல்கொல்லை அணைக்கட்டிலிருந்து மகாவலி நீரின் ஒரு பகுதி சுரங்கம் வழியாக உக்குவளைக்கும், அங்கிருந்து வடமத்திய மாகாணத்தின் கலாவெவ வரைக்கும் செல்கிறது. முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு நாம் மேட்டுநிலத்து அயலவர்கள். மழை பெருத்தால் அதே ஓயா ஏ-9 வீதியோரக் கடைகளுக்குள் புகுந்து, நாம் அனுப்பியதை நமக்கே திருப்பித் தருகிறது.

நிலையம் கட்டுவது நம் கையில் இல்லை. ஆனால் சட்டிபானையைக் கழுவுமுன் எண்ணெயைத் துடைத்தெடுக்கலாம். உணவுத் துணுக்குகளை வடிகட்டிப் பசளையாக்கலாம். மலசலகூடக் குழி நிரம்பி வழியுமுன் கலி பவுசரை அழைக்கலாம். அதன் குழாயை ஒருபோதும் கானுக்குத் திருப்பாதிருக்கலாம். வுழுச் செய்த நீரை மரங்களுக்குப் பாய்ச்சலாம்.

இப்போது உம்மா பொரித்த எண்ணெயைப் போத்தலில் சேர்க்கிறார். ஆனாலும் எங்கள் கான் இன்னும் ஓயாவுக்குத்தான் போகிறது. ஆசிரியையின் கேள்விக்கு இன்று என்னிடம் பதில் இருக்கிறது: எங்கள் வீடு அந்தப் படத்தின் முதலாவது தொட்டிக்கும் முன்னால் இருக்கிறது. மற்றத் தொட்டிகள் வரும்வரை, எங்களிடம் உள்ளது அந்த ஒரு தொட்டிதான்.

— உயர்தர உயிரியல் பிரிவு மாணவி