மின்னழுத்தம் மீறும்போது

நம் அறைச் சுவரில் வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் அது ஒருவகைச் சராசரியே. மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் அதன் உச்சி ஏறத்தாழ 325 வோல்ட்டைத் தொடுகிறது. நம் மடிக்கணினி, தொலைக்காட்சி, கைபேசிச் சார்ஜர் முதலிய யாவும் இவ்வுச்சியைத் தாங்கும்படி அமைந்தவையே. அதற்கு மேலும் சிறிது இடம் விட்டிருப்பார்கள்; அதிகம் விட்டிருக்க மாட்டார்கள். மடிக்கணினிச் சார்ஜரின் உள்ளே மின்சாரத்தை முதலில் ஏற்கும் மின்தேக்கியின் மேல் பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அதுதான் எல்லைக் கோடு.

இந்த எல்லையை மீறும் அழுத்தம் இரு வகையில் வருகிறது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் நம் நண்பர்கள் பலர் கடையில் ஒரு 'ஸ்பைக் கார்டு' வாங்கி மாட்டிவிட்டு, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடுகிறார்கள்.

முதல் வகை, கண நேரத் தாக்குதல். அருகில் எங்கேனும் மின்னல் இறங்கினாலும், பெரிய மோட்டார்கள் ஓடி நின்றாலும், கம்பியில் ஓர் அழுத்த அலை பாய்ந்து வரும். அதன் உயரம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகவும் இருக்கலாம். வாழ்நாளோ நொடியில் பத்து லட்சத்தில் சில பங்கு, அல்லது சில பத்துப் பங்கு. ஸ்பைக் கார்டு இதற்காகவே பிறந்தது. அதனுள் 'வேரிஸ்டர்' என்னும் நாணயம் போன்ற வில்லை ஒன்று இருக்கிறது. துத்தநாக ஆக்ஸைடுடன் சிறிதளவு பிஸ்மத் ஆக்ஸைடு முதலியன சேர்த்துப் பீங்கான் போலச் சுட்டெடுத்தது அது. 1960களின் பிற்பகுதியில் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில் மிச்சியோ மட்சுவோகா என்பவர் இதைக் கண்டார். வில்லையில் துகளும் துகளும் சேரும் இடம் ஒவ்வொன்றும் சுமார் 3 வோல்ட்டைத் தடுக்கும் ஒரு சிறு சுவர். நம் நாட்டு மின்சாரத்துக்கு ஏற்ற வில்லை ஏறக்குறைய 430 வோல்ட்டில் திறந்துகொள்ளும். அப்படியானால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஏறத்தாழ 140 சுவர்களைக் கடக்க வேண்டும்! அழுத்தம் அளவோடு இருக்கும்வரை வில்லை வாய் திறப்பதில்லை. மீறினால் உடனே திறந்து, அலையைத் தன் வழியே இழுத்துக்கொள்கிறது.

அதுவும் சாகாவரம் பெற்றதன்று. ஒவ்வோர் அடியிலும் சிறிது தேய்கிறது. தேய்ந்து போன பின்னும் பெட்டி சாதாரணப் பலகையாக வேலை செய்துகொண்டேயிருக்கும். மேலே எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். பல பெட்டிகளில் அது மின்சாரம் வருகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. மேலும், மின்னல் அலை பெரும்பாலும் ஃபேஸ், நியூட்ரல் ஆகிய இரு கம்பிகளிலும் சேர்ந்தே வருவது. அதை இறக்கிவிட எர்த் கம்பி வேண்டும். நாம் வாடகைக்கு இருக்கும் அறைகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாத இடங்கள் உண்டு. குடிபுகும் முன் எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு இதைச் சோதித்துக்கொள்வது, ஸ்பைக் கார்டு வாங்குவதினும் முந்திய வேலை.

இரண்டாம் வகையே கொடியது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தெருவின் மின்மாற்றியிலிருந்து மூன்று ஃபேஸ் கம்பிகளும், அவற்றுக்குப் பொதுவாக ஒரு நியூட்ரல் கம்பியும் வருகின்றன. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே 400 வோல்ட். வடநாட்டில் கோடையில் 'ஆந்தி' என்னும் புழுதிப் புயல் வீசி மரக்கிளை முறிந்து விழும்போது, இந்தப் பொது நியூட்ரல் அறுந்துவிட்டால் என்ன ஆகும்? மின்சாரம் நின்றுபோகும் என்று நினைப்போம். நிற்பதில்லை! வேறு வேறு ஃபேஸில் உள்ள இரு வீடுகள் தொடர் சுற்றில் இணைந்து, 400 வோல்ட்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன.

பங்கீடு எப்படி? கீழ்வீட்டில் 1000 வாட் இம்மர்ஷன் ராடு. அதன் மின்தடை 53 ஓம். மேல்வீட்டில் நாம் 100 வாட் அளவுக்கு மட்டும் மின்சாரம் எடுக்கிறோம். 529 ஓம் என்று வைத்துக்கொள்வோம். தடை பத்து மடங்கு ஆதலால் அழுத்தமும் பத்து மடங்கு. ராடுக்கு 36 வோல்ட், நமக்கு 364! குறைவாகச் செலவழிப்பவன் தலையிலேயே சுமை அதிகம் விழுகிறது; பொருளாதார மாணவர்கள் இதற்கு என்ன பெயர் வைப்பார்களோ தெரியாது. 364 வோல்ட்டின் உச்சி 514. முன்னே கண்ட எல்லைக் கோடு எங்கோ பின்தங்கிவிட்டது.

இப்போது நம் ஸ்பைக் கார்டு என்ன செய்யும்? நொடிக்கு நூறு முறை உச்சிதோறும் திறந்து, கண நேரத்துக்கென அமைந்த வேலையை இடையறாது செய்து, சூடேறிக் கருகும். பிளாஸ்டிக் பெட்டி தீப்பற்றுவதும் உண்டு. எம்.ஸி.பி. தடுக்காதா? அது மின்னோட்டத்தின் அளவைப் பார்ப்பதேயன்றி அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. நம் ஊர் வீடுகளில் குளிர்பதனப் பெட்டிக்குத் துணையாக நிற்கும் ஸ்டெபிலைசரோ, அதிக அழுத்தத்தில் துண்டிக்கும் வசதி இருந்தால்தான் உதவும். அதுவும் தன்னோடு இணைத்த ஒரு கருவிக்கு மட்டும். வீடு முழுவதையும் காப்பது, பிரதான பலகையில் பொருத்தும் அதிக, குறை அழுத்தத் துண்டிப்பான். சுமார் 270, 280 வோல்ட்டைத் தாண்டினால் அது இணைப்பை விலக்கி, நிலைமை சீரானபின் சற்றுத் தாமதித்துச் சேர்க்கும். நால்வர் சேர்ந்து வீடு எடுப்பவர்கள் செலவைப் பங்கிட்டுக்கொண்டு, வீட்டுக்காரர் இசைவுடன் பொருத்திக்கொள்ளலாம்.

அது இல்லாதவர்கள் அறிகுறியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முன்பு குண்டு பல்புகள் இருந்தபோது, ஒரு வீட்டில் விளக்கு பளீரென்று எரிய, அடுத்த வீட்டில் மங்கும், யாரும் கண்டுகொள்வார்கள். இன்றைய எல்.இ.டி. விளக்குகளில் பல, அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே முகத்தோடு எரிந்து நம்மை ஏமாற்றுகின்றன. ஆகவே மின்விசிறியைக் கவனியுங்கள். அது திடீரென்று வெறிகொண்டு சுழன்றாலோ, கருவிகள் வழக்கத்துக்கு மாறாக இரைந்தாலோ, யாரையும் கேட்டுக்கொண்டிராமல் மெயின் சுவிட்சை இறக்கிவிடுங்கள். பிறகு மின் அலுவலகத்துக்குச் சொல்லலாம். நாமே கம்பியைத் தொட முனைவது கூடாது.

இடி தொலைவில் கேட்கத் தொடங்கும்போதே மடிக்கணினியின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டுப் பேட்டரியில் எழுதலாம். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. அந்தச் சிறு இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். ஆய்வேட்டின் பிரதி ஒன்று வேறிடத்தில் இருக்கட்டும். இன்னொன்று, பலரும் மறப்பது: செப்புக் கம்பியாலான இணையக் கேபிளும் மின்னலுக்கு ஒரு வழியே. அதையும் கழற்றிவிட வேண்டும். கண்ணாடி இழைக் கேபிள் மின்சாரத்தைக் கடத்தாது. ஆயினும் அது வந்து சேரும் பெட்டிக்கும் ஒரு சார்ஜர் உண்டு, அது சுவரில்தான் இருக்கிறது.