வெயில் ஆகாத பிள்ளை வீட்டில்

டாக்டர் சீட்டில் ‘ஜெரோடெர்மா பிக்மென்டோசம்’ என்று எழுதியிருப்பார். சுருக்கமாக எக்ஸ்.பி. வெயிலின் புற ஊதாக் கதிர் எல்லோருடைய தோலணுவையும்தான் கெடுக்கிறது. நம் உடம்பு அதைச் சரிசெய்துகொள்ளும். இந்தப் பிள்ளைகளின் உடம்பால் முடியாது. காரணத்தை 1968இல் ஆய்வாளர் ஜேம்ஸ் கிளீவர் கண்டறிந்தார். இரண்டு வயதுக்குள் முகத்தில் புள்ளி புள்ளியாகக் கருக்கும். பத்து வயதுக்குள்ளேயே தோல் புற்று வரக்கூடும். கதிரை அண்டவிடாமல் பார்த்துக்கொள்வதே முக்கிய வைத்தியம். நம் தஞ்சாவூரிலோ ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் ஆகஸ்டிலும், சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிற்கிறது.

கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிசகு அங்கேதான் நடக்கிறது.

செய்யக்கூடாதவை

• குறுவை நடவுக்குப் போகும்போது வரப்போர மரத்தில் தூளி கட்டிப் போடாதீர்கள். வானமெங்கும் சிதறி வரும் கதிர் மர நிழலுக்குள்ளும் இறங்கும்.

• ஐப்பசி மூட்டத்தை நம்பாதீர்கள். மேகம் சூட்டைத்தான் மறைக்கும், கதிரை முழுதாக மறைக்காது.

• குடை போதும் என்று கோடையில் ஆற்று மணலில் இறக்காதீர்கள். காய்ந்த மணல் தண்ணீரைவிட அதிகமாகக் கதிரைத் திருப்பி வீசும்.

• மெல்லிய வெள்ளைத் துண்டை, அதுவும் நனைத்து, தலையில் போடாதீர்கள். நனைந்த துணி இன்னும் மோசம்.

• சந்தனம், மஞ்சள், தேங்காயெண்ணெய் எதுவும் சன்ஸ்கிரீன் ஆகாது.

• பிள்ளை பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம், தாத்தாவே ஆனாலும். புகை செய்யும் கேட்டையும் அந்த அணுக்களால் சரிசெய்ய முடியாது.

• தாயைக் குறை சொல்லாதீர்கள். குறை மரபணு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். அக்காள் மகளையோ மாமன் மகளையோ கட்டிய வீடுகளில் அதற்கு வாய்ப்பு அதிகம். அடுத்த பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. கருத்தரிக்கும் முன்பே மரபணு ஆலோசனை கேளுங்கள்.

செய்ய வேண்டியவை

• முதலில் வீட்டை அண்ணாந்து பாருங்கள். ஓட்டு வீட்டில் கண்ணாடி ஓடு, கீற்றில் ஓட்டை, நடுவில் முற்றம்: மூன்று வழியாகவும் பகல் உள்ளே வருகிறது. ஜன்னல் கண்ணாடி ஒரு வகைக் கதிரை விட்டுவிடும். புற ஊதா தடுக்கும் ஃபிலிம் ஒட்டுங்கள், இல்லையேல் கனத்த திரை போடுங்கள்.

• சட்டைத் துணியை பல்புக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் தெரிந்தால் அது உதவாது. முழுக்கை, கையுறை, அகல விளிம்புத் தொப்பி, பக்கம் மூடிய கண்ணாடி.

• பகலில் எஸ்.பி.எஃப். 50 க்ரீம், இரண்டு மணிக்கொரு தரம். காது மடலும் பிடரியும் உதடும்தான் எப்போதும் விட்டுப்போகும்.

• பள்ளியில் பிரேயருக்கும் பி.டி. பீரியடுக்கும் வெளியே நிறுத்தக்கூடாது, ஜன்னலோரம் உட்காரவைக்கக்கூடாது என்று தலைமை ஆசிரியரிடம் டாக்டர் சீட்டோடு எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல் அடுத்த வகுப்பில் மறந்துபோகும்.

• மாதம் ஒருமுறை உச்சி முதல் பாதம் வரை பாருங்கள். புதுக் கட்டி, ஆறாத புண் இருந்தால் போனில் படமெடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். கண்ணையும் காதையும் சோதித்துக்கொள்ளுங்கள்; வைட்டமின் டி குறையும், அதையும் கேளுங்கள்.

• பொழுது சாய்ந்ததும் வெளியே விடுங்கள். தெருவில் அதே கதிரை வீசும் வெல்டிங் பட்டறை இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் வேண்டாம். டெல்டாவில் சாமி புறப்பாடும் கூத்தும் பெரும்பாலும் இரவில்தானே? மெலட்டூர் பாகவத மேளா நாடகத்துக்கும் கூட்டிப் போகலாம்; கிழக்கு வெளுப்பதற்குள் வீடு திரும்பிவிடுங்கள்.