பாடம்: பட்டறைத் தூசியை அடக்குவோம்

வீட்டின் ஓர் அறையிலேயே சிறு தச்சுப்பட்டறை அமைத்து, நாற்காலியும் அலமாரியும் செய்வோர் பலர் உளர். அவர்கள் வாளையும் உளியையும் கவனமாகக் கையாளுவர். ஆனால், தூசியின் தீமையைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இழைப்புளி சுருள் சுருளாகச் சீவலைத் தள்ளுகிறது. அது தரையில் விழும், அள்ளிவிடலாம். உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் தூள் அத்தகையதன்று. அதன் நுண்துகள்கள் காற்றில் நெடுநேரம் மிதக்கும். மனிதரின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் தடிமன் உடையது. 10 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் மூச்சுடன் நுரையீரல் வரை செல்ல வல்லவை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களுள் ஒன்றாக 1995ஆம் ஆண்டு வகைப்படுத்தியது. ஆகவே, கண்ணுக்குத் தெரியும் தூளினும் தெரியாத தூளே அஞ்சத்தக்கது.

தூசியை அது பிறக்கும் இடத்திலேயே பிடிப்பது முதல் விதி. மின்வாள் முதலிய கருவிகள் பலவற்றில் தூள் வெளியேறும் வாய் உண்டு. அவ்வாயில் தூசி உறிஞ்சியின் குழாயைப் பொருத்த வேண்டும். குழாயின் நீளமும் வளைவுகளும் கூடக்கூடக் காற்றின் வேகம் குறையும். எனவே, குழாய் குறுகிய நீளமும் குறைந்த வளைவுகளும் உடையதாய் இருத்தல் நன்று.

கருவிக்கும் உறிஞ்சிக்கும் இடையில் கூம்பு வடிவப் பிரிப்பான் ஒன்றை வைக்கலாம். அதனுள் காற்று சுழலும்போது கனமான துகள்கள் சுவரில் மோதிக் கீழுள்ள வாளியில் விழும். நுண்துகள்களே பெரும்பாலும் வடிகட்டிக்குச் செல்லும். ஆதலால், வடிகட்டி விரைவில் அடைபடாது.

இவ்வளவு செய்தும் சிறிது தூசி காற்றில் எஞ்சும். எனவே, சன்னல்களைத் திறந்து வைத்து, என்95 முகக்கவசம் அணிதல் வேண்டும். வேலை முடிந்தவுடனே அதனைக் கழற்றுதல் கூடாது. துடைப்பத்தால் கூட்டினால் படிந்த தூசி மீண்டும் எழும்; ஈரத்துணியால் துடைத்தலே நலம். காற்றில் செறிந்த மரத்தூள் தீப்பொறி பட்டால் வெடிக்கவும் கூடும். ஆகையால், பட்டறையில் தீ மூட்டலாகாது.

அருஞ்சொற்பொருள்
இழைப்புளி – மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் கருவி
முகமை – ஒரு பணிக்கென அமைந்த நிறுவனம்
செறிந்த – மிகுதியாகத் திரண்ட

பயிற்சி
1. சீவலுக்கும் நுண்தூளுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பிரிப்பான் வடிகட்டியை எவ்வாறு காக்கிறது?
3. பட்டறையைத் துடைப்பத்தால் கூட்டுதல் ஏன் நன்றன்று?
4. பிரித்து எழுதுக: அவ்வாய், ஈரத்துணி, தீப்பொறி.
5. சன்னல் வழியே வரும் ஒளிக்கற்றையில் மிதக்கும் தூசியை உற்றுநோக்கி, ஐந்து தொடர்கள் எழுதுக.