சம்பங்கிக்கு விதைக்கிழங்கு தேர்ந்தெடுத்தல்

சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் மல்லிகை, முல்லையோடு சம்பங்கியும் மூட்டை மூட்டையாக வந்திறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மெக்சிகோ நாட்டைத் தாயகமாகக் கொண்ட இப்பூ இன்று கொங்கு நாட்டுத் தோட்டப் பயிராகவே ஆகிவிட்டது. ஒருமுறை நட்டால் இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் பலன் தரும். ஆகவே முதல் நாள் நடும் கிழங்கு பழுதாயின், இரண்டு ஆண்டு உழைப்பும் பழுதாகும்.

பெரும்பாலோர் பக்கத்துத் தோட்டத்தில் பிடுங்கிய கிழங்கையே வாங்கி நடுகின்றனர். அதில் தவறில்லை. ஆனால் விலை பேசுமுன் அத்தோட்டத்தில் நான்கைந்து தூர்களைத் தோண்டி வேரைப் பாருங்கள். வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. கண்ணுக்குத் தெரியாத இப்புழு வேரிலும் கிழங்கில் ஒட்டிய மண்ணிலும் இருந்து உங்கள் நிலத்தில் குடியேறிவிடும். பிறகு அதை முற்றிலும் ஒழிப்பது கடினம். இலை மஞ்சளாகும், பூந்தண்டு குட்டையாகும். உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் உரத்தைக் கொட்டுவோம். எனவே அத்தகைய கிழங்கு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பூத்து முடிந்த தாய்க்கிழங்கு மறுபடியும் பூக்காது. அதைச் சுற்றி வளரும் பக்கக் கிழங்குகளே விதைக்கு உரியவை. 25 முதல் 30 கிராம் எடையுள்ள, கெட்டியான கிழங்குகளைப் பொறுக்குங்கள். சிறியவை முளைக்கும், ஆனால் பூப்பதற்கு நாளாகும். பிடுங்கியவுடன் நடாமல் வேரையும் மண்ணையும் நீக்கி, காற்றோட்டமான நிழலில் பரப்பி, அவ்வப்போது புரட்டிவிட்டு, ஒரு மாதம் ஓய்வு கொடுத்த பின் நட வேண்டும்.

பெங்களூரு ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஷ்ருங்கார் இரகம் வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கக் கூடியது. அதை மெக்சிகன் ஒற்றை இரகத்துடன் ஒட்டுச் சேர்த்துப் பெற்றதே பிரஜ்வல். உதிரிப் பூவுக்கு ஒற்றை அடுக்கு இரகங்களே ஏற்றவை.

சம்பங்கிக்கு நாள் முழுதும் வெயில் வேண்டும். தென்னந்தோப்பில் ஊடுபயிராக வைக்க விரும்புவோர் இளங்கன்றுகளுக்கிடையே வைக்கலாம். வளர்ந்த மரங்களின் நிழலில் இலைதான் செழிக்கும். தண்ணீர் தேங்கும் களிமண்ணும் ஆகாது. ஐப்பசி மழையில் கிழங்கு அழுகிவிடும்.

தக்காளி, கத்தரி விளைந்த நிலத்தில் நூற்புழு இருக்கக் கூடும். அங்கு ஒரு பருவம் செண்டுமல்லி பயிரிட்ட பின் சம்பங்கி வைப்பது நல்லது. கடைசி உழவில் எக்டருக்கு 25 டன் தொழு உரம் இடவும். 2.5 கிலோ சூடோமோனாஸைத் தொழு உரத்தில் கலந்து தூவலாம். ஜூன், ஜூலை மாதங்களில் 45 செ.மீ. பார்களில் 20 செ.மீ.க்கு ஒரு கிழங்காக, 2.5 செ.மீ. ஆழத்தில் நடவும். ஏக்கருக்கு ஏறத்தாழ 45,000 கிழங்குகள், அதாவது ஒரு டன்னுக்கு மேல் தேவைப்படும். வெளியில் வாங்கினால் செலவில் பெரும்பங்கு இதுவே.

ஆகவே முதல் தோட்டத்தில் நோயற்ற, நன்கு பூத்த தூர்களைக் குச்சி நட்டு அடையாளம் செய்து வையுங்கள். பயிரைக் கலைக்கும்போது நீரை நிறுத்தி, இலைகள் காய்ந்த பின் முதலில் அத்தூர்களை மட்டும் தோண்டித் தனியே எடுக்கவும்.