தனியறை இருந்தால் போதுமா?

தனியறை ஒன்று கிடைத்துவிட்டால் வேலையும் ஓடும், யோசனையும் பிறக்கும் என்று நம்புகிறோம். இதில் பாதிதான் உண்மை. கவனத்தைக் கெடுப்பது சத்தம் என்கிறோமே, எல்லாச் சத்தமும் ஒரே அளவில் கெடுப்பதில்லை. கோல், வெல்ஷ் இருவரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவில் வைக்க முயன்றவர்கள், பின்னணியில் தங்களுக்குப் புரியாத ஜெர்மன் பேச்சு ஒலித்தபோதே தடுமாறினார்கள். சீரான இரைச்சலுக்கு அந்த வலு இல்லை என்று பின்னர் சலாமேயும் பேட்லியும் காட்டினார்கள். ஆக, கடகடக்கும் மின்விசிறியைவிடப் பக்கத்து அறை சீரியல் வசனமே மோசம். கதவு வேண்டியது அந்தப் பேச்சை வெளியே நிறுத்தத்தான். சுவர்களை எடுத்தால் ஆட்கள் கலந்து பேசுவார்கள், புது யோசனை வரும் என்று அலுவலகங்கள் சொல்வதுண்டு. பெர்ன்ஸ்டீனும் டர்பனும் இரண்டு நிறுவனத் தலைமையகங்களில் அளந்து 2018-இல் வெளியிட்ட முடிவு நேர்மாறானது: தடுப்புகள் போனபின் நேருக்கு நேர் பேச்சு சுமார் 70 விழுக்காடு குறைந்தது, மின்னஞ்சல் பெருகியது. வாடகை மிச்சம் என்றே வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம்.

மறுபாதிதான் சிக்கல். கணக்குச் சரிபார்க்க உதவும் அதே மேசை, புதிதாக யோசிக்கவும் உதவும் என்பதற்கு ஆதாரம் குறைவு. ஸ்டான்ஃபோர்டின் ஒபெஸ்ஸோவும் ஷ்வார்ட்ஸும் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு சாதாரணப் பொருளை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டபோது, உட்கார்ந்திருந்தவர்களைவிட நடந்தவர்களே அதிகமான புது யோசனைகளைச் சொன்னார்கள். வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் இந்தப் பலன் கிடைத்ததால், தோட்டக் காற்றுக்கு இதில் பெரிய பங்கு இல்லை. ஆனால் ஒரே விடை கொண்ட சொற்புதிரில் நடந்தவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். நடை எல்லாவற்றுக்கும் மருந்து என்பவர்கள் சோதனையின் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை. அறைக்குள் அறை கட்டுவதைவிட, உட்கார்ந்து முடிக்கும் வேலைக்கு ஓர் இடம், எழுந்து யோசிக்க இன்னோர் இடம் என்று பிரிப்பதே பொருத்தம்.

ஒண்டுக்குடித்தனத்தில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் நடப்பதற்கு மொட்டை மாடியோ தெருவோ போதும், அறை வேண்டாம். வீட்டில் கிடைக்காதது பேச்சில்லாத மேசைதான். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு வந்து படிக்கத் தனிப்பகுதி இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அங்கே போய் உட்காருகிறார்கள். அப்படியொரு கூடம் ஒவ்வோர் ஊர்க் கிளை நூலகத்திலும் இருந்தால், தனியறை கட்ட வசதியில்லாதவர்களுக்கும் அந்த மேசை கிடைக்கும்.