தேய்ந்த புஷ் சொல்லும் சாட்சி

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறைக்குச் சென்றிருக்கிறீர்களா? ஏறத்தாழ 64 கிலோமீட்டர் பாதை. ஆழியாறு தாண்டியதும் மலை ஏறத் தொடங்கும். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். இப்பாதையிலிருந்து பிரிந்து தேயிலைத் தோட்டங்களுக்குள் செல்லும் கற்சாலைகளில் பழைய மகிந்திரா ஜீப்புகளை இன்றும் காணலாம். அமெரிக்காவில் 1953இல் வில்லிஸ் நிறுவனம் வெளியிட்ட சி.ஜே.-3பி என்ற வண்டியே இவற்றில் பலவற்றுக்கு மூலம். அங்கே 1968இல் அதன் உற்பத்தி நின்றது. நம் நாட்டில் அதன் வழிவந்த வண்டிகள் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் வெளிவந்தன.

அப்படிப்பட்ட ஒரு ஜீப்பை எடுத்துக்கொள்வோம். ஆனைமலை அடிவாரத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி ஒருவருடையது என்று கொள்ளுங்கள். முன்பக்கக் கமான் பட்டைகளின் முனைகளில் உள்ள சக்கிள் புஷ்கள் நான்கே மாதங்களில் தேய்ந்துவிடுகின்றன. மாற்றுகிறார், மீண்டும் தேய்கின்றன. முன் டயர்கள் மழுங்குகின்றன. மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் படபடவென்று ஆடுகிறது. வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஆட்டம் அடங்கிவிடுகிறது.

கோவைப் பகுதியில் இதற்கு எளிய தீர்வு உண்டு. எளிதாக இருப்பதுதான் தொல்லை! ஏதாவது ஒரு லேத் பட்டறையில் பழைய புஷ்ஷைக் காட்டினால், மாலைக்குள் கன்மெட்டலில் புதியதைக் கடைந்து கொடுத்துவிடுவார்கள். கடைசலில் குறை இராது. ஆனால் புஷ்ஷைத் தேய்த்த விசை எதுவோ அது அப்படியே இருக்கிறதே! தேய்வது புஷ்ஷோடு நின்றால் பரவாயில்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு வளைவில் இறங்கும்போது கமானோ ஸ்டியரிங் இணைப்போ விட்டுப்போனால் என்ன ஆகும்?

இறக்கத்தில் முன்பக்கம் எவ்வளவு சுமக்கிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஆட்களோடு வண்டியின் நிறை 1,500 கிலோகிராம். புவியீர்ப்பு மையத்தின் உயரம் 0.65 மீட்டர், முன், பின் சக்கரங்களின் இடைவெளி 2.03 மீட்டர் என்று கொள்வோம். பிரேக் பிடிக்கும்போது வேகம் வினாடிக்கு வினாடி 3 மீட்டர் வீதம் குறைந்தால், பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்கு மாறும் சுமை 1,500 × 3 × 0.65 ÷ 2.03, அதாவது ஏறத்தாழ 1,440 நியூட்டன். வளர்ந்த ஆட்கள் இருவர் பானெட்டின்மேல் ஏறி உட்கார்ந்ததற்குச் சமம். இது சமதளக் கணக்குத்தான். சரிவில் இன்னும் கூடும்.

இனி நோயைத் தேடுவோம். முதல் சாட்சி, தூக்கி எறிய வைத்திருக்கும் பழைய புஷ்தான். அதைக் கையில் எடுத்து, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். உட்புறம் நீளம் முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் கிரீஸ் சேரவில்லை அல்லது மண் புகுந்திருக்கிறது எனலாம். நம் ஜீப்பின் புஷ் அப்படி இல்லை. ஒரு முனையில் மட்டும் அகன்று புனல்போல் தேய்ந்திருக்கிறது. கமான் மேலும் கீழும் அசைவதற்காக அமைந்த மூட்டு அது. அதைப் பக்கவாட்டில் எதுவோ முறுக்கியிருக்கிறது.

இரண்டாவது சாட்சி டயர். பட்டன்களின்மேல் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்நோக்கித் தடவினால் வழுவழுப்பாகவும், உள்ளிருந்து வெளிநோக்கித் தடவினால் அரம்போலவும் இருக்கிறது. சக்கரங்கள் முன்பக்கம் அளவுக்கு மீறி உள்நோக்கித் திரும்பியிருப்பதன் அடையாளம் இது. இவ்வகை ஜீப்பில் இரு முன் டயர்களுக்கும் இடைப்பட்ட தூரம், பின்விளிம்பில் இருப்பதைவிட முன்விளிம்பில் ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே குறைவாக இருக்க வேண்டும். நாம் அளந்தபோது 12 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை டிகிரி திரும்பியிருக்கிறது. அரை டிகிரிதானே என்று எண்ண வேண்டாம். அதன் சைன் மதிப்பு 0.0087. எனவே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் சுமார் 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. வால்பாறை போய்ச் சேர்வதற்குள் அரைக் கிலோமீட்டருக்கு மேல் குறுக்காகத் தேய்ந்திருக்கும்!

முறுக்குவது எது? இதற்குத் தேவை ஒரு தூக்குக்குண்டும் அளவுநாடாவும்தான். சமதளத்தில் ஸ்டியரிங்கை நேராக வைத்து வண்டியை நிறுத்துங்கள். நான்கு சக்கரங்களின் மையங்களிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் புள்ளியிடுங்கள். இடது முன், பின் புள்ளிகளின் தூரமும் வலது முன், பின் புள்ளிகளின் தூரமும் சமமாக இருக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்து மூலைவிட்டங்கள் மட்டும் வேறுபட்டால், செவ்வகம் இணைகரமாகிவிட்டது, சேசிஸ் கோணியிருக்கலாம். எட்டாம் வகுப்பு வடிவியல்தான், பட்டறையிலும் உதவுகிறது.

நம் ஜீப்பில் இடப்பக்கம் 17 மில்லிமீட்டர் குறைவு. இரு முன் சக்கரங்களின் இடைவெளி ஏறத்தாழ 1,220 மில்லிமீட்டர். ஆக, முன் ஆக்சில் 0.8 டிகிரி கோணி நிற்கிறது. கமான் பட்டையின் கீழே பாருங்கள். பட்டைகளை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யு போல்ட்டின் நட்டுகள் தளர்ந்திருக்கின்றன. இறுக்கம் குறைந்ததும் சுமை முழுவதும் நடுவிலுள்ள சென்டர் போல்ட்டின்மேல் விழுந்து அது வெட்டுப்பட்டுவிட்டது. ஆக்சில் பின்னுக்கு நகர்ந்துவிட்டது. கோணிய ஆக்சில் இரு கமான்களையும் முறுக்குகிறது. கமான்கள் புஷ்களைத் தின்கின்றன.

இத்துடன் முடித்துவிடலாமா? நட்டு ஏன் தளர்ந்தது என்று கேட்க வேண்டாமா? இங்கேதான் 45 கிலோமீட்டர் வேக ஆட்டம் நினைவுக்கு வர வேண்டும்.

டயரின் ஆரம் 0.36 மீட்டர். 45 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 12.5 மீட்டர், சக்கரம் வினாடிக்கு 5.5 முறை சுற்றுகிறது. தோப்புச் சேறு ரிம்மின் உட்புறத்தில் ஒரே இடத்தில் காய்ந்து ஒட்டியிருக்கிறது. 50 கிராம்தான், மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தொலைவில் என்று கொண்டால், அது சக்கரத்தை இழுக்கும் விசை 12 நியூட்டன். சிறிய விசைதான். ஆனால் திசை மாறி மாறி மணிக்கு இருபதாயிரம் தடவை இழுக்கிறது! இந்த 5.5 என்பது, சக்கரங்களும் ஸ்டியரிங் தண்டுகளும் சேர்ந்த அமைப்பின் இயல் அதிர்வெண்ணோடு பொருந்திவிட்டால் ஒத்ததிர்வு ஏற்படுகிறது. ஊஞ்சலைத் தக்க நேரத்தில் தள்ளுவதுபோல ஆட்டம் பெருகுகிறது. வேகம் மாறினால் பொருத்தம் கெடுகிறது, ஆட்டம் அடங்குகிறது.

இன்னொன்றும் சேர்கிறது. கழற்றிய சைக்கிள் சக்கரத்தின் அச்சை இரு முனைகளிலும் பிடித்துக்கொண்டு, நண்பனை வேகமாகச் சுற்றிவிடச் சொல்லுங்கள். ஒரு முனையை உயர்த்திப் பாருங்கள்; சக்கரம் பக்கவாட்டில் திரும்ப முனையும். இது கைரோஸ்கோப் விளைவு. ஜீப்பின் முன் சக்கரங்கள் ஒரே ஆக்சிலில் இருப்பதால் ஒன்று கல்லில் ஏறினால் மற்றதும் சாய்கிறது; சாய்வு திருப்பமாக மாறுகிறது. கார்களில் 1930களில் தனித்தனித் தொங்கல் அமைப்பு பரவியதற்கு இத்தொல்லையும் ஒரு காரணம். கரடுமுரடான பாதைக்கு உறுதியானது என்பதால் ஜீப் பழைய முறையையே வைத்துக்கொண்டது.

மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் 50 கிராம் சேற்றால் இவ்வளவு செய்ய முடியாது. எனவே ‘பிளே’ எங்கே என்று பாருங்கள். சக்கரத்தைத் தூக்கி, ஆக்சிலுக்கடியில் உறுதியான ஸ்டாண்டு கொடுங்கள் (ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை நீட்டுவது ஆபத்து). டயரை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆடுகிறதா? இப்போது ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மீண்டும் அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் குற்றவாளி சக்கர பேரிங். மறையாவிட்டால் கிங்பின் பேரிங். பிரேக் பிடித்ததும் டிரம்மும் அதன் பின்தட்டும் ஒன்றாகிவிடுவதால், சக்கர பேரிங் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. ஒரு காரணியை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைக்கும் இச்சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. டயரை இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தால் டை ராடு முனைகளும் பெல் கிராங்கும் பேசும்.

சிலர் ஆட்டத்தை அடக்க ஸ்டியரிங் டாம்பர் ஒன்றை வாங்கி மாட்டிவிடுவார்கள். தலைவலி மாத்திரை மாதிரிதான். அதிர்வு கைக்குத் தெரியாது, நட்டுக்குத் தெரியும்.

நம் ஜீப்பில் பிரேக் பிடித்தும் ஆட்டம் மறையவில்லை. ஆகவே வேலை இப்படி நடக்க வேண்டும்: சேற்றைச் சுரண்டி டயரைப் பேலன்ஸ் செய்வது, கிங்பின் பேரிங்கின் சிம் தகடுகளைச் சரிசெய்வது, புது சென்டர் போல்ட் போட்டு ஆக்சிலை நேராக்குவது, பிறகு டை ராடை அளந்து திருத்துவது. லேத்தில் கடைந்த புது புஷ் ஏறுவது இவற்றுக்குப் பின்னர்தான். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து சற்றே இடம் விடும். அப்போது யு போல்ட் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிவிட்டு, தூக்குக்குண்டையும் மறுபடி தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும்.