பேசிய விலை ஒன்று, வரித் துறை பார்க்கும் விலை வேறு

இந்தியாவில் ஒரு ஸ்டார்ட்அப் சந்தையில் பட்டியலாகும் முன்பே அதன் ஊழியர்களின் பங்குகளை வெளி முதலீட்டாளர்கள் வாங்குவது இப்போது சாதாரணம். அந்த நேரத்தில் அலுவலகத்தில் உலவும் வரி ஆலோசனைகளில் பாதி பிழையானவை.

“இருவரும் ஒப்புக்கொண்டதுதான் விலை.” இதில்தான் ஆபத்து அதிகம். பட்டியலிடப்படாத பங்குக்கு வருமான வரி விதிகளே ஒரு நியாயச் சந்தை மதிப்பைக் கணக்கிடச் சொல்கின்றன. ஆயிரம் பங்குகளை 300 ரூபாய் வீதம் விற்கிறீர்கள், விதிப்படி மதிப்பு 400 என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வந்தது 3 லட்சம்தான் என்றாலும், 4 லட்சத்துக்கு விற்றதாகவே உங்கள் ஆதாயம் கணக்கிடப்படும். வாங்கியவரும் தப்பமாட்டார்: வித்தியாசம் 50,000 ரூபாயைத் தாண்டியதால் அந்த 1 லட்சம் அவருடைய வருமானத்தில் சேரும். ஒரே தொகைக்கு இரு பக்கமும் வரி!

“ஏஞ்சல் வரியைத்தான் ஒழித்துவிட்டார்களே?” 2024 பட்ஜெட்டில் ஒழித்தது உண்மை. ஆனால் அது கம்பெனி புதிய பங்குகளை அதிக விலைக்கு வெளியிடும்போது கம்பெனிமேல் விழுந்த வரி. இருக்கும் பங்கைக் குறைத்து விற்பதற்கான விதி வேறு, அது அப்படியே இருக்கிறது.

“கடைசிச் சுற்று முதலீட்டு விலையைவிடக் குறைத்தால் மாட்டிக்கொள்வோம்.” இது எதிர்த்திசைப் பயம். சாதாரணப் பங்குக்கு விதிப்படியான நியாயச் சந்தை மதிப்பு பெரும்பாலும் கம்பெனியின் சொத்து, கடன் கணக்கிலிருந்து வருவது. முதலீட்டாளர் தந்த விலையிலிருந்து அல்ல. அந்தக் கணக்கை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிவைப்பது நல்லது.

“ஈசாப் (ஊழியர் பங்குத் திட்ட) பங்கை 10 ரூபாய்க்கு வாங்கி 300க்கு விற்றால் லாபம் 290.” இல்லை. வாங்கிய அன்று மதிப்பு 200 என்றால், 190 ரூபாய் அப்போதே சம்பளமாக வரிக்கு உட்பட்டுவிட்டது. அதனால் மூலதன ஆதாயம் 100 மட்டுமே. இதை மறந்து இரண்டு முறை வரி கட்டுபவர்கள் பரிதாபத்துக்குரியவர்கள்.

“ஒரு வருடம் வைத்திருந்தால் நீண்டகாலம்.” அது பட்டியலான பங்குக்கு. இங்கே 24 மாதத்தைத் தாண்ட வேண்டும். அதுவும் வெஸ்டிங் நாளிலிருந்து (பங்கை வாங்கும் உரிமை கைக்கு வந்த நாளிலிருந்து) அல்ல, பங்கு ஒதுக்கிய நாளிலிருந்து. தாண்டினால், 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம், அதோடு செஸ். தாண்டாவிட்டால் சம்பளத்தோடு சேர்ந்து ஸ்லாப் வரி. பட்டியலான பங்குகளுக்கான 1.25 லட்ச விலக்கு இதற்குக் கிடையாது.

நட்டத்தில் விற்றாலும் கணக்குக் காட்ட வேண்டும். கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டால் அந்த நட்டத்தை எட்டு ஆண்டுகள் வரை கொண்டுபோகலாம். நீண்டகால நட்டத்தை நீண்டகால ஆதாயத்தில் மட்டுமே கழிக்க முடியும். சம்பளக்காரர்கள் பழக்கத்தில் நிரப்பும் ஐடிஆர்-1 படிவம் மட்டும் வேண்டாம். ஆண்டில் ஒரு நாள் பட்டியலிடப்படாத பங்கு கையில் இருந்திருந்தாலும் அது செல்லாது.